மலைமேல் ஒளி, அடிவாரத்தில் தீ

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள் உண்டு. அந்தச் சிறு தாளில், நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், சூலம் என்று எத்தனையோ குறிப்புகள்! நல்ல நாள், கெட்ட நாள் என்று நாள்களைப் பிரித்துப் பார்ப்பது நம் மண்ணில் ஊறிப்போன பழக்கம். ஆனால், எந்த நாளும் தானாக நல்லதாகவோ, கெட்டதாகவோ பிறப்பதில்லை. ஏதாவது ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு ஆண்டுகளில் அந்தத் தேதியில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், இவ்வுண்மை நமக்கு விளங்கும். மனிதர்கள் செய்தவையும், செய்யத் தவறியவையுமே அந்த நாளை நல்ல நாளாகவோ, கெட்ட நாளாகவோ ஆக்கியிருக்கும்.

இன்றைய சிந்தனையில், ஆகஸ்ட் 6 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம். திருஅவை, இந்நாளில், ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடுகிறது. இதே ஆகஸ்ட் 6ம் தேதி, 1945ம் ஆண்டு, ஜப்பானின் ஹிரோஷிமா நகர் மீது அணுகுண்டு வீசப்பட்டது. இதே தேதியில், 1881ம் ஆண்டு, பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் பிறந்தார். இதே தேதியில், 1978ம் ஆண்டு, திருத்தந்தை ஆறாம் பவுல் இறையடி சேர்ந்தார். இதே தேதியில், 2001ம் ஆண்டு, நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர்கள் உட்பட 28 பேரின் உயிரைத் தீ பறித்தது.

இவற்றிற்கு இடையே என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். தேதி ஒன்றாக அமைந்தது தற்செயலே. அதில் மறைபொருள் எதையும் தேட வேண்டியதில்லை. எனினும், இந்த நிகழ்வுகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, உருமாற்றத்தைக் கூறும் நற்செய்தியைத் திறந்தால், ஆகஸ்ட் 6ம் தேதி திருப்பலியில் நாம் கேட்காத ஒரு பகுதி கண்ணில் படுகிறது. உருமாற்ற நிகழ்வை அடுத்து உடனே வரும் பகுதி அது. அந்தப் பகுதியை அடையும் முன், இவ்விழா நம் நாள்காட்டியில் இடம்பெற்ற வரலாற்றிலிருந்து துவக்குவோம்.

இயேசு, பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் ஓர் உயர்ந்த மலைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் முன் உருமாறினார் என்று, மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தியாளர்களும் கூறுகின்றனர். அந்த மலை தாபோர் மலை என்பது திருஅவையின் பழமையான மரபு. கீழை வழிபாட்டு முறைத் திருஅவைகள் இவ்விழாவைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வந்தன. மேலைத் திருஅவையில், ஒருசில இடங்களில் மட்டுமே இவ்விழா இடம்பெற்று வந்தது. 15ம் நூற்றாண்டில், ஒரு போர்ச் செய்தி இந்த நிலையை மாற்றியது.

1453ம் ஆண்டு, கான்ஸ்டான்டிநோபிள் நகரைக் கைப்பற்றிய துருக்கியப் பேரரசர் இரண்டாம் மெஹ்மெட், மூன்று ஆண்டுகள் சென்று, பெல்கிரேடு கோட்டையை முற்றுகையிட்டார். ஹங்கேரியப் படைத்தலைவர் யோவான் ஹுன்யாதியும், 70 வயதான பிரான்சிஸ்கன் துறவி, கப்பெஸ்திரானோ நகர் புனித யோவானும் திரட்டிய மக்கள், 1456ம் ஆண்டு ஜூலை 22ம் தேதி, அந்த முற்றுகையை முறியடித்தனர். இந்தச் செய்தி உரோம் நகரை வந்தடைந்த நாள், ஆகஸ்ட் 6. அந்த வெற்றிக்கு நன்றியாக, திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ், 1457ம் ஆண்டு, உருமாற்ற விழாவைத் திருஅவை முழுமைக்கும் உரிய விழாவாக அறிவித்தார்.

உரோம் நகரில் வெற்றியின் மகிழ்ச்சி நிறைந்திருந்தபோது, பெல்கிரேடு பாசறையில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. செய்தி உரோமையை எட்டிய ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 11ம் தேதி, ஹுன்யாதி அந்நோயால் இறந்தார். அக்டோபர் 23ம் தேதி, கப்பெஸ்திரானோ யோவானும் இறந்தார். உச்சியில் விழாவும், அடிவாரத்தில் வேதனையும் ஒரே நேரத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததை இந்நாளின் வரலாற்றில் நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

1945ம் ஆண்டிற்கு வருவோம். அந்த ஆகஸ்ட் 6, ஒரு திங்கள்கிழமை. ஹிரோஷிமாவில் வானம் தெளிவாக இருந்தது. காலை 7 மணி 9 நிமிடத்திற்கு ஒலித்த விமானத் தாக்குதல் எச்சரிக்கை, 7.31க்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிய மக்கள், வேலைக்குப் புறப்பட்டனர். தாக்குதல் நடந்தால் தீ பரவாமல் இருக்க, வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் பணியில், பள்ளி மாணவ, மாணவியர் ஆயிரக்கணக்கில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். அவர்களும் அன்று காலையில் திறந்த வெளியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தனர்.

8 மணி 15 நிமிடத்திற்கு, 'எனோலா கே' என்ற அமெரிக்க விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. விமானி, தன் தாயின் பெயரை அந்த விமானத்திற்குச் சூட்டியிருந்தார். குண்டிற்கு வைக்கப்பட்டிருந்த பெயர், 'சின்னப் பையன்'. ஓர் அன்னையின் பெயரைத் தாங்கிய விமானம், குழந்தையின் பெயரைத் தாங்கிய குண்டை, அன்னையரும் குழந்தைகளும் நிறைந்த நகரின் மீது போட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அது வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். வெடித்த நொடியில் சிலர் மறைந்தனர். தீக்காயங்களால் சிலர் நாள் கணக்கில் துடித்து இறந்தனர். காயம் ஏதும் இன்றித் தப்பித்தோம் என்று எண்ணியவர்கள், கதிர்வீச்சின் விளைவுகளால் சில வாரங்களில் இறந்தனர்.

அன்று காலையில், உலகின் எத்தனையோ ஆலயங்களில், ஆண்டவரின் முகம் கதிரவனைப் போல் ஒளிர்ந்தது என்ற நற்செய்தி வாசிக்கப்பட்டிருக்கும். மலைமீது, சீடர்களை ஒளிமிகு மேகம் ஒன்று சூழ்ந்தது. ஹிரோஷிமாவின் மீதும் ஓர் ஒளி தோன்றியது. ஒரு மேகம் எழுந்தது. மலைமீது அஞ்சி முகங்குப்புற விழுந்த சீடர்களை, இயேசு அருகில் வந்து, தொட்டு எழுப்பினார். ஹிரோஷிமாவில் விழுந்தவர்களைத் தொட்டு எழுப்ப யார் இருந்தார்கள்?

ஒருசிலர் இருந்தார்கள். நகரின் மையத்திலிருந்து ஆறு, ஏழு கிலோமீட்டர் தொலைவில், நாகாட்சுகா என்ற இடத்தில், இயேசு சபையின் நவதுறவியர் இல்லம் இருந்தது. அதன் பொறுப்பாளர், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அருள்பணியாளர் பேத்ரோ அருப்பே. துறவு வாழ்வில் சேர்வதற்கு முன், மத்ரித் நகரில் மருத்துவம் பயின்றவர் அவர். மக்னீசியம் பற்றி எரிவதைப் போன்ற ஒளியை முதலில் கண்டதாகவும், அதைத் தொடர்ந்து பேரோசை கேட்டதாகவும் அவர் பின்னர் எழுதினார். இல்லத்தின் கதவுகளும், சன்னல்களும் சிதறின. குன்றின் மீது ஏறிப் பார்த்தபோது, கீழே ஹிரோஷிமா எரிந்துகொண்டிருந்தது.

என்ன செய்வது என்று தெரியாத அந்த நேரத்தில், அருப்பே, முதலில் சிற்றாலயத்திற்குச் சென்றார். அந்த இருளில் தனக்கு ஒளி வேண்டும் என்று செபித்தார். கண்களைப் பறித்த அத்தனை பெரிய ஒளிக்குப் பிறகு, ஒரு மனிதர் ஒளி கேட்டு முழந்தாளிட்டார் என்பது நம் சிந்தனைக்கு உரியது. செபத்திலிருந்து எழுந்ததும் அவர் எடுத்த முடிவு, இல்லத்தை மருத்துவமனையாக மாற்றுவது! நவதுறவியர், காயமடைந்தவர்களைச் சுமந்து வந்தனர். 150க்கும் மேற்பட்டோர் அங்கு கொண்டுவரப்பட்டனர். மயக்க மருந்து இல்லை. அறுவைக் கருவிகள் இல்லை. கத்தரிக்கோலும், சவரக் கத்தியும், எங்கிருந்தோ கிடைத்த ஒரு மூட்டை போரிக் அமிலமும் அவர்கள் கையில் இருந்தன. வீசப்பட்டது அணுகுண்டு என்பதோ, கதிர்வீச்சு என்பது என்ன என்பதோ அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: கீழே மனிதர்கள் எரிகிறார்கள், நாம் இறங்கிப் போக வேண்டும்.

அந்த அருப்பே, 1965ம் ஆண்டு, இயேசு சபையின் உலகத் தலைவரானார். கடல்வழியே படகுகளில் தப்பியோடிய வியட்நாம் மக்களின் துன்பம் கண்டு, 1980ம் ஆண்டு, இயேசு சபை அகதிகள் பணியைத் துவக்கியவரும் அவரே. ஹிரோஷிமாவில் இறங்கி நடந்த கால்கள், அதன்பின் மலையுச்சியிலேயே தங்கிவிட மறுத்தன.

இதே நாளை, வேறொரு தீவிலிருந்து கண்ட மற்றோர் அருள்பணியாளரும் உண்டு. குண்டு வீசிய விமானம் புறப்பட்ட இடம், பசிபிக் கடலில் உள்ள தீனியன் தீவு. அங்கிருந்த விமானப் படையினருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தவர், அமெரிக்கரான அருள்பணியாளர் ஜார்ஜ் ஸபெல்கா. அப்பாவி மக்கள் வாழும் நகர்களை அழிப்பது தவறு என்று, தன்னிடம் வந்த வீரர்களுக்குத் தான் ஒருநாளும் சொல்லவில்லை என்பதை, அவர் பின்னாளில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 1980களில் ஜப்பானுக்குச் சென்று, அங்குள்ள மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். 1992ம் ஆண்டு இறக்கும் வரை, போருக்கு எதிராகப் பேசி வந்தார். அருப்பேயும், ஸபெல்காவும் ஒரே மறையைச் சேர்ந்த அருள்பணியாளர்கள். ஒரே விழாவைக் கொண்டாடியவர்கள். அடிவாரத்தில் நடந்ததை ஒருவர் அன்றே கண்டார். மற்றவருக்கு அது தெளிவாகத் தெரிய பல ஆண்டுகள் ஆயின. காலம் கடந்தாலும் இறங்கி வரலாம் என்பதற்கு ஸபெல்கா ஒரு சாட்சி.

அறிவியலின் ஒளியும் இதே கேள்வியைச் சந்தித்தது. 1881ம் ஆண்டு, ஆகஸ்ட் 6ம் தேதி, ஸ்காட்லாந்தில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர், அலெக்சாண்டர் பிளெமிங். முதல் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது, காயத்தில் கிருமிகள் தொற்றியதால் இளம் வீரர்கள் இறப்பதைக் கண்டவர் அவர். 1928ம் ஆண்டு, இலண்டன் ஆய்வகத்தில், கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்து, அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருந்தன. கெட்டுப்போன தட்டு என்று அதைத் தூக்கி எறியாமல், அவர் உற்று நோக்கினார். ஆக்ஸ்ஃபர்டில் ஃபுளோரி, செயின் ஆகிய இருவரின் முயற்சியால் அது மருந்தாக உருவானது. மூவருக்கும் 1945ம் ஆண்டு மருத்துவத்திற்கான நொபெல் விருது வழங்கப்பட்டது.

அதே 1945ம் ஆண்டு நவம்பரில், அணுவைப் பிளக்க முடியும் என்பதைக் கண்டறிந்த ஜெர்மன் அறிஞர் ஓட்டோ ஹானுக்கு, முந்தைய ஆண்டுக்குரிய வேதியியல் நொபெல் விருது அறிவிக்கப்பட்டது. ஹிரோஷிமா செய்தி கேட்டு அவர் மனமுடைந்து போயிருந்தார். காயத்தைக் குணமாக்கும் அறிவும், ஆறாத காயத்தை உண்டாக்கக்கூடிய அறிவும், ஒரே ஆண்டில் ஒரே விருதைப் பெற்றன. அறிவு என்ற ஒளியை நாம் யாரை நோக்கித் திருப்புகிறோம் என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது.

இப்போது, நாம் தள்ளிவைத்த நற்செய்திப் பகுதிக்கு வருவோம். உருமாற்றத்தைக் கண்ட பேதுரு, மலைமீதே மூன்று கூடாரங்கள் அமைக்கலாம் என்றார். அந்த ஆசையை நாம் குறைகூற முடியாது. ஒளி இருக்கும் இடத்தில் தங்கிவிட யாருக்குத்தான் மனமிருக்காது? ஆனால், இயேசு அங்கு தங்கவில்லை. சீடரோடு கீழே இறங்கி வந்தார். அடிவாரத்தில் ஒரு கூட்டம். கூட்டத்தின் நடுவே, ஒரு தந்தை, தன் மகனுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவன் தனக்கு ஒரே பிள்ளை என்று அவர் சொன்னதை லூக்கா குறிப்பிடுகிறார். அந்தப் பிள்ளைக்கு என்ன நோய்? மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல், 'நிலவால் தாக்கப்பட்டவன்' என்று பொருள்படும். மனமும், உடலும் நிலைகுலைந்தவர்களை அக்காலத்தில் அவ்வாறு அழைத்தனர். அவனுடைய துன்பத்தைத் தந்தை விளக்கியபோது, அவன் அடிக்கடித் தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுகிறான் என்றார்.

அன்புள்ளங்களே, 'தீயில் விழுந்துவிடுகிறான்' என்பதைச் சற்று நிறுத்திக் கேட்போம். உருமாற்றத்தின் ஒளியிலிருந்து இறங்கியவர்கள் சந்தித்த முதல் மனிதன், தீயில் விழுகின்ற ஒரு மனநோயாளன். மலைக்குச் செல்லாத சீடர்கள் ஒன்பது பேர் அங்கே இருந்தனர். அவர்களால் அவனைக் குணமாக்க இயலவில்லை. சுற்றிலும் விவாதம் நடந்துகொண்டிருந்தது என்று மாற்கு கூறுகிறார். இயேசு, விவாதத்தில் சேரவில்லை. பையனைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார்.

ஓவியர் ராஃபேல் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் வரைந்த இறுதி ஓவியமான 'உருமாற்றம்', இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியத்தின் மேல்பாதியில், இயேசு ஒளிமயமாக நிற்கிறார். கீழ்ப்பாதியில், கண்கள் சுழல, கைகள் விறைக்க, அந்த நோயுற்ற சிறுவன். அவனைத் தாங்கிப் பிடிக்கும் தந்தை. திகைத்து நிற்கும் சீடர்கள். இரு வேறு நிகழ்வுகளை ராஃபேல் ஒரே பலகையில் வரைந்தார். 1520ம் ஆண்டு அவர் இறந்தபோது, அவ்வோவியத்தை அவரது உடலின் தலைமாட்டில் வைத்தனர். மேல்பாதியை மட்டும் வெட்டி எடுத்து மாட்டினால், அது ராஃபேலின் ஓவியம் ஆகாது. கீழ்ப்பாதியை விட்டுவிட்டால், உருமாற்ற விழாவும் முழுமை அடையாது.

அந்தக் கீழ்ப்பாதி, 2001ம் ஆண்டு, நம் அருகிலேயே இருந்தது. ஏர்வாடி, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர். அங்குள்ள தர்காவில் செபித்தால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில், இஸ்லாமியர், இந்துக்கள், கிறிஸ்தவர் என எல்லாச் சமயத்தவரும், தம் வீட்டு நோயாளர்களை அங்கு அழைத்துவந்தனர். தங்கிப் பார்த்துக்கொள்ள இயலாத குடும்பங்களுக்காக, தர்காவைச் சுற்றித் தனியார் 'காப்பகங்கள்' முளைத்தன. பல குடும்பங்கள், மாதந்தோறும் பணம் அனுப்பின. நேரில் வருவது குறைந்துகொண்டே போனது. நோயாளர் ஓடிவிடாமல் இருக்க, காலில் சங்கிலி இடப்பட்டது.

அந்த ஆகஸ்ட் 6ம் தேதியும் ஒரு திங்கள்கிழமையே. பொழுது விடிவதற்கு முன், நாற்பதுக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. கீற்று எரிய எத்தனை நிமிடம் ஆகும் என்பது நம் ஊர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்கிலியில் கட்டுண்டவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். நற்செய்தியில் வரும் சிறுவன் தீயில் விழுந்தபோது, பிடித்து இழுக்க ஒரு தந்தை இருந்தார். ஏர்வாடியில் தீ வந்தபோது, பிடித்து இழுக்க அவர்கள் அருகே யாரும் இல்லை.

அந்தச் சங்கிலியைப் பூட்டியது யார்? காப்பகம் நடத்தியவர்கள் என்று சொல்லி நாம் கடந்துவிடலாம். அவர்களுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனையும் வழங்கியது. ஆனால், மனநோயாளரைத் தங்கவைக்கும் இல்லங்களுக்கு உரிமம் வேண்டும், கண்காணிப்பு வேண்டும் என்று, 1987ம் ஆண்டின் மனநலச் சட்டமே கூறியிருந்தது. சட்டம் இருந்தது, வந்து பார்க்க ஆள் இல்லை. அரசு மருத்துவமனைகள் இருந்தன; ஆனால், தொலைதூரக் கிராமத்துக் குடும்பத்திற்கு மனநல மருத்துவர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தார். உறவினர் இருந்தார்கள், ஆனால், 'எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார்' என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தை அவர்களுக்குத் தந்தது, ஏளனம் பேசிய நம் ஊரும், தெருவும்தானே? அந்தச் சங்கிலியில் எத்தனையோ கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொருவர் செய்தோம்.

அந்தத் தீக்குப் பிறகுதான் நாடு விழித்தது. உச்ச நீதிமன்றம், யாரும் வழக்குத் தொடுக்காமலேயே, தானாக முன்வந்து இந்நிகழ்வைக் கையிலெடுத்தது. ஏர்வாடியின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சங்கிலியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். 2017ம் ஆண்டு இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளர் எவரையும், எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகத் தடைவிதித்தது. இந்த ஒரு வரி சட்டமாவதற்கு, ஏர்வாடித் தீக்குப் பின் 16 ஆண்டுகள் ஆயின.

இந்நாளின் வரலாற்றில் இன்னும் ஒருவர் காத்திருக்கிறார். திருத்தந்தை புனித ஆறாம் பவுல், 1964ம் ஆண்டு வெளியிட்ட தன் முதல் சுற்றுமடலுக்கு இட்ட தேதி, ஆகஸ்ட் 6. திருஅவை, உலகோடு உரையாட வேண்டும் என்பதே அம்மடலின் உள்ளக்கிடக்கை. அவ்வாண்டு டிசம்பரில், நற்கருணை மாநாட்டிற்காக அவர் மும்பை வந்தபோது, பயன்படுத்த அவருக்கென ஒரு விலையுயர்ந்த கார் வழங்கப்பட்டிருந்தது. புறப்படும் வேளையில், அந்தக் காரை அவர் அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டார். அன்னை, அதைப் பரிசுச்சீட்டு முறையில் விற்று, அந்தப் பணத்தைத் தொழுநோயாளர் பணிக்குச் செலவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில், ஐ.நா. பொது அவையில், போர் இனி வேண்டவே வேண்டாம் என்று உலகத் தலைவர்களிடம் முழங்கியவரும் அவரே.

1978ம் ஆண்டின் ஆகஸ்ட் 6, ஒரு ஞாயிறு. காஸ்தெல் கந்தோல்ஃபோவில் நோயுற்றுப் படுத்திருந்த திருத்தந்தை, வழக்கமான மூவேளை செப உரையை அன்று வழங்க முடியவில்லை. ஆனால், அவர் தயாரித்திருந்த உரை வெளியிடப்பட்டது. தாபோர் மலையின் ஒளியைப் பற்றித் துவங்கிய அந்த உரை, அந்த ஒளியிலேயே தங்கிவிடவில்லை. கோடை விடுமுறையைக் கொண்டாட இயலாதவர்களை, வேலையற்றோரை, பசியால் வாடுவோரை நினைவுகூர்ந்தே அது நிறைவடைந்தது. அன்றிரவு அவர் இறந்தார். ஒரு திருத்தந்தையின் இறுதி உரை, மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் நின்றது. 2018ம் ஆண்டு, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அதே பிரான்சிஸ், 2019ம் ஆண்டு நவம்பரில், ஹிரோஷிமாவின் நினைவிடத்தில் நின்று, அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, அவற்றை வைத்திருப்பதே நன்னெறிக்குப் புறம்பானது என்று எடுத்துரைத்தார்.

ஹிரோஷிமாவில் தப்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இடிந்துபோன ஆலயம் இருந்த இடத்தில், குண்டுவீச்சில் காயமுற்றுப் பிழைத்த இயேசு சபை அருள்பணியாளர் ஹூகோ லசால், உலகெங்கும் இருந்து நிதி திரட்டி, உலக அமைதிக்கான நினைவுப் பேராலயத்தை எழுப்பினார். அது நிறைவுற்ற நாள், 1954ம் ஆண்டு, ஆகஸ்ட் 6. குண்டுவீச்சில் உயிர்பிழைத்தோரின் கூட்டமைப்பான நிகோன் ஹிதாங்க்யோவுக்கு, 2024ம் ஆண்டு, அமைதிக்கான நொபெல் விருது வழங்கப்பட்டது. தங்கள் காயங்களை மறைக்காமல் உலகிற்குக் காட்டியதே அவர்கள் ஆற்றிய பெரும் பணி.

அணு ஆயுதங்களை அழிக்கும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால், நம் தெருவில் மூடிக்கிடக்கும் ஒரு கதவைத் தட்ட நம்மால் முடியும். நம் பங்கிலும், மனநோயால் துன்புறும் ஒருவரை உள்ளறையில் வைத்துக்கொண்டு, கோவில் திருவிழாவுக்கும் வெளியே வராத குடும்பங்கள் இருக்கலாம். அவர்களுக்கு முதல் தேவை, நம் அறிவுரை அல்ல, நம் வருகை. நோயாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், தாய்க்கு ஒருநாள் ஓய்வு கிடைக்க நாம் துணையாக இருப்பதும், மருத்துவமனைக்குச் செல்ல ஆட்டோவில் உடன் ஏறிச் செல்வதும் நம்மால் இயலும். பேய் பிடித்தது, செய்வினை என்று கதை பரப்புவோரிடம், இது நோய், இதற்கு மருந்து உண்டு என்று சொல்வதும் ஓர் இறைப்பணியே. செபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். அருப்பே இரண்டையும் செய்தார். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக அவர் நிறுத்தவில்லை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற எண்ணில், மனநல ஆலோசனையை இலவசமாகப் பெறலாம். இந்த எண்ணை, நம் அன்பியக் கூட்டங்களில் அறிவிப்பது எத்தனை எளிது!

ஆகஸ்ட் 6ம் தேதி, நாம் திருப்பலியில் பங்கேற்கும்போது, ஹிரோஷிமாவில் இறந்த குழந்தைகளையும், ஏர்வாடியில் இறந்த 28 பேரையும் பீடத்தின் முன் நினைவுகூர்வோம். இவர்களில் பலரது பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களை ஆண்டவர் அறிவார். தாபோரின் ஒளியைக் கண்டு மகிழும் கண்களையும், அந்த ஒளியோடு அடிவாரத்திற்கு இறங்கிச் செல்லும் கால்களையும், தீயில் விழுந்திருப்போரைத் தொட்டுத் தூக்கும் கைகளையும் இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டுமென்று, இணைந்து மன்றாடுவோம்.